கரண்ட் போன ஒன்றரை நிமிடம்: ஒரு பேச்சுப் போட்டியில் நாங்கள் விட்ட பிழை

எதைப் பற்றியது

திருகோணமலையில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பேச்சு மன்றத்தின் வருடாந்தப் போட்டியில், நேரம் தாண்டிவிட்டார் என்று ஒரு பேச்சாளரைத் தகுதி நீக்கம் செய்தோம். செய்திருக்கக் கூடாது. அந்தப் போட்டியின் பிரதம நடுவர் நான்தான். நடந்ததை ஒழுங்காக எழுதிவைத்தால் இதேபோல் சிறிய மன்றம் நடத்துகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். சம்பந்தப்பட்ட மூன்று பேரும் இதை வாசித்துச் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன். யாருடைய பெயரும் இல்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பின்னேரங்களில் நகரில் ஒரு டியூட்டரியின் மேல்மாடியில் கூடுகிறோம். வழமையாக இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்யும் பிள்ளைகள், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு இருக்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று கலந்த கூட்டம். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கமிருந்தும் பஸ்ஸில் வருகிறார்கள்.

இவர்களில் பலர் பள்ளிக்கூடத்துத் தமிழ்த் தினப் போட்டிகளில் ஏறியவர்கள். அங்கே பேச்சை ஆசிரியர் எழுதித் தருவார், பிள்ளை பாடமாக்கும். எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பயிற்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், எனக்கே அதுதான் முதல் மேடை. ஆனால் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைத் தன் சொல்லில் ஆறு நிமிடம் சொல்லச் சொன்னால் அந்த வெற்றியாளர்களே திணறிப்போகிறார்கள். மன்றம் தொடங்கியது அதற்காகத்தான்.

நடைமுறையை, மேடைப் பேச்சுப் பழக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற அமைப்பிடமிருந்து எடுத்துக்கொண்டோம். 1924இல் கலிபோர்னியாவின் சான்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியது அது. நாங்கள் அதில் உறுப்பினர்கள் இல்லை. தயாரித்த பேச்சு, திடீர்ப் பேச்சு, பேசியவருக்கு முகத்துக்கு நேரே சொல்லும் மதிப்பீடு, நேரக் கணிப்பு என்ற அந்த ஒழுங்கு எங்களுக்குப் பிடித்திருந்தது. போட்டி விதிகளையும் அங்கிருந்தே எடுத்தோம். தயாரித்த பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம். 5ஆவது நிமிடத்தில் பச்சை விளக்கு, 6இல் மஞ்சள், 7இல் சிவப்பு. 4 நிமிடம் 30 விநாடிக்குக் குறைந்தாலும் 7 நிமிடம் 30 விநாடியைத் தாண்டினாலும் தகுதி நீக்கம். நடுவர்கள் நேரத்தைப் பார்ப்பதில்லை, பேச்சை மட்டுமே பார்த்து முதல் மூன்று இடங்களை எழுதுவார்கள். நேரம் பிரதம நடுவரின் பொறுப்பு.

ஆங்கிலத்தில் இருந்த விதிகளை இரண்டு பக்கத் தமிழ்த் தாளாகச் சுருக்கியவனும் நான்தான். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் முக்கியம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதற்கு முந்தைய வருடப் போட்டியில் வயதில் மூத்த ஒருவர் ஒரு நிமிடத்துக்கு மேல் தாண்டிப் பேசினார். மரியாதைக்காக விட்டுவிட்டோம், அவருக்கு இரண்டாமிடமும் கிடைத்தது. நேரத்துக்குள் முடித்த இளையவர்கள் மனம் கசந்துபோனார்கள், இருவர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அதனால் இந்த வருடம் யாராக இருந்தாலும் நேரம் நேரம்தான் என்று கூட்டத்திலேயே அறிவித்திருந்தோம். அந்தப் பிடிவாதம் என் தலைக்குள் இருந்தது.

போட்டி நாள்

கார்த்திகை மாதச் சனிக்கிழமை, விட்டுவிட்டு மழை. ஐந்து போட்டியாளர்கள், ஐந்து நடுவர்கள். வெல்கிறவர் மட்டக்களப்பில் நடக்கும் ஒரு நட்புப் போட்டியில் எங்கள் மன்றத்துக்காகப் பேசுவார்.

நேரக் கணிப்பாளர் ஏ.எல். பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை. மூல விதியில் இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் நிறுத்துகடிகாரத்தைப் பார்க்க, மற்றவர் விளக்கைப் போட. எங்களிடம் ஆள் போதாததால் இரண்டையும் அவரிடமே கொடுத்தோம். கடிகாரம் அவருடைய போன். விளக்கு, மன்றத்து எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒரு பலகையில் பூட்டித் தந்த மூன்று பல்புகள், மேலே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கண்ணாடித் தாள் சுற்றியது. கரண்ட் இல்லாவிட்டால் காட்ட அட்டை எதுவும் இல்லை.

நான்காவதாக ஏறியவர் ஓய்வு பெற்ற ரயில் கார்ட். முப்பது வருடத்துக்கும் மேலாகத் திருகோணமலைப் பாதையில் வேலை செய்தவர். கல்லோயாச் சந்திக்கும் கந்தளாய்க்கும் இடையில் ஓர் இரவில் ரயிலில் யானை அடிபட்டதைத்தான் பேச்சாக எடுத்திருந்தார். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாக நடந்ததை, இன்ஜினுக்கு முன்னால் அந்தப் பெரிய உடம்பு மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்ததை, ஜன்னலால் ஒரு சின்னப்பிள்ளை "அது எழும்புமா?" என்று கேட்டதை அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். மன்றத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த பேச்சுகளில் அது ஒன்று.

மஞ்சள் எரிந்து கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

முழு இருட்டு. அவர் நிறுத்திவிட்டார். கீழே யாரோ ஜெனரேட்டர் போடுவார்கள் என்று காத்திருந்ததாகப் பிறகு சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் போன் டோர்ச்சை அடித்து வெளிச்சத்தை நேராக அவர் முகத்தில் பிடித்தார். போட்டித் தலைவர் என்னைப் பார்த்திருப்பார், இருட்டில் தெரியவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. சரி, தொடர வேண்டியதுதான் என்று அவரே முடிவெடுத்துப் பேசத் தொடங்கினார். ஏழு நிமிடம் ஆனபோது நேரக் கணிப்பாளர் எழுந்து நின்று கையை உயர்த்தியிருக்கிறார். முகத்தில் டோர்ச் அடித்த மனிதருக்கு அது எப்படித் தெரியும்? பேச்சை முடித்து இறங்கினார். அந்த இருட்டிலேயே நீண்ட கைதட்டல். பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது, ஐந்தாவது போட்டியாளர் விளக்கோடு பேசினார்.

எடுத்த முடிவும் எடுத்த விதமும்

நேரத்தாளைக் கொண்டுவந்து தந்தபோது அந்தப் பிள்ளையின் கை நடுங்கியது. நான்காம் பேச்சாளருக்கு நேரான கட்டத்தில் 7.48 என்று இருந்தது. அது 18 விநாடி கூடுதல்.

நான், போட்டித் தலைவர், நேரக் கணிப்பாளர் மூவரும் வெளி விறாந்தைக்குப் போனோம். போட்டித் தலைவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார்.

"கரண்ட் போனதுக்கு விதியில ஏதாவது இருக்கா, சேர்?"

"இல்லை" என்றேன். என் இரண்டு பக்கத் தாளில் இல்லை என்பதுதான் நான் அறிந்தது. ஆங்கில மூலம் என் போனிலேயே இருந்தது. திறந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் மூதூர், கிண்ணியாப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போன வருடம் விட்டுக்கொடுத்ததால் வந்த மனக்கசப்பும் ஞாபகத்தில் இருந்தது. இந்த முறையும் பெரியவர் ஒருவருக்காக விதியை வளைத்தோம் என்று வரக்கூடாது என்று நினைத்தேன். மூன்று நிமிடத்துக்குள் கதை முடிந்தது.

இங்கே நான் கவனிக்கத் தவறியது ஒன்று. தாளின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, பென்சிலால் சின்னதாக இரண்டு எண்கள் இருந்தன: 6.22, 6.57. கரண்ட் போன நேரமும் அவர் மறுபடி பேசத் தொடங்கிய நேரமும். இப்படிக் குறித்துவை என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. முக்கியமாக இருக்கும் என்று தானாக நினைத்து எழுதியிருக்கிறார். நாங்கள் கொடுத்த தாளில் அதற்கு இடமே இல்லை. நான் கட்டத்தை மட்டும் பார்த்தேன். விறாந்தையில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தது நினைவிருக்கிறது. நான் கேட்கவில்லை.

விதிப்படி, நேரத்தால் தகுதி நீக்கம் நடந்தது என்று மட்டும்தான் அறிவிக்க வேண்டும், ஆளைச் சொல்லக் கூடாது. அப்படியே அறிவித்தோம். ஆனால் இருட்டில் பேசியவர் ஒருவர்தான், சபை முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. பெயரைச் சொல்லாமல் விட்டதில் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அறிவிப்பதற்கு முன் அவரைத் தனியே கூப்பிட்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை.

முதலிடம் மூதூரிலிருந்து வரும், மருந்துக்கடையில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவருக்குப் போனது. அவருக்கு அது முதல் போட்டி. கேடயத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பெரியவர் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பேசாமல் இறங்கிப் போனார்.

மறுநாள்

ஞாயிற்றுக்கிழமை காலை மனம் ஒரு நிலையில் இல்லை. ஆங்கில விதிநூலைத் திறந்தேன். நேரக் கருவியோ சமிக்ஞைக் கருவியோ பழுதுபட்டால் தகுதி நீக்கத்துக்கு முன் பேச்சாளருக்கு மேலதிகமாக 30 விநாடி உண்டு என்று தெளிவாக இருந்தது. அதாவது அவருடைய எல்லை 8 நிமிடம். 7.48 அதற்குள் வருகிறது. தமிழ்த் தாளைத் தயாரித்தபோது அந்த வரியை நான்தான் விட்டிருந்தேன். கருவி பழுதாவது பெரிய மண்டபங்களில் நடக்கிற விஷயம், நமக்கு எதற்கு என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. மழைக்காலத்தில் கரண்ட் போகும் ஊரில் இருந்துகொண்டு அப்படி நினைத்திருக்கிறேன்.

பிறகுதான் நேரத்தாளை எடுத்து ஓரத்து எண்களைப் பார்த்தேன். 6.22இலிருந்து 6.57 வரை 35 விநாடி அவர் சும்மா நின்றிருக்கிறார். அதைக் கழித்தால் 7.13. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவர் நேரத்துக்குள் முடித்தவர். எண்ணிக்கைத் தாளும் என்னிடமே இருந்தது. ஐந்து நடுவர்களில் நால்வர் அவரை முதலிடத்தில் போட்டிருந்தார்கள்.

செயற்குழுவுக்குச் சொன்னேன். அடுத்து நான் செய்தது இன்னொரு பிழை: பெரியவருக்குப் போன் எடுத்தேன். நேரில் போயிருக்க வேண்டும். "சரி, பரவாயில்லை சேர்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். மூதூர்த் தங்கச்சிக்குச் சொல்வதைப் பின்னேரத்துக்குத் தள்ளிப்போட்டேன். அதற்குள் யாரோ மன்றத்தின் வட்ஸ்அப் குழுவில் "முடிவு பிழையாம்" என்று போட்டுவிட்டார்கள். அவரே என்னை அழைத்தார்.

"சேர், அப்ப நான் வென்றது பிழையா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. "நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை, நாங்கள்தான் விட்டோம்" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதிலாகாது.

என்ன செய்யலாம் என்று பார்த்தோம்

செவ்வாய்க்கிழமை செயற்குழு கூடியது. முடிவை மாற்றிக் கேடயத்தைத் திருப்பி வாங்குவதா, இருவரையும் இணை வெற்றியாளர்களாக அறிவிப்பதா, மறுபடி போட்டி வைப்பதா, அப்படியே விடுவதா என்று பேசினோம்.

மாற்ற வேண்டும் என்று சொன்னவர்களின் வாதம் பலமானது. முதலிடம் பெரியவருடையது, அவ்வளவுதான். எதிராகச் சொன்னவர்கள் விதியைக் காட்டினார்கள். முடிவு அறிவித்தபின் நடுவர்களின் தீர்ப்பே இறுதி, முறைப்பாடு இருந்தால் அறிவிப்புக்கு முன்னால் வர வேண்டும். அந்த விதி நல்ல காரணத்தோடுதான் இருக்கிறது. அறிவித்த முடிவை ஒருமுறை திறந்தால் அடுத்த வருடம் ஒவ்வொரு முடிவையும் திறக்கச் சொல்வார்கள். இணை வெற்றி எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆனால் நடுவர்கள் அப்படித் தீர்ப்புச் சொல்லவில்லை, நாங்களாக ஒன்றைப் புதிதாகச் செய்கிறோம் என்று ஒருவர் சொன்னதும் விட்டுவிட்டேன். மறுபோட்டி யாருக்கும் நியாயமில்லை. அந்த யானைக் கதையை இரண்டாம் தடவை அதே சபையில் எப்படிச் சொல்வது?

முடிவு நிற்கட்டும், ஆனால் பிழையை மறைக்காமல் அடுத்த கூட்டத்தில் எண்களோடு சொல்வது, கூட்ட அறிக்கையிலும் எழுதுவது என்று தீர்மானித்தோம். மட்டக்களப்பில் போட்டிக்கு வெளியே பெரியவர் பேச ஒரு நேரம் கேட்டோம், அவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

இந்தத் தீர்மானம் சரியா என்பதில் எனக்கு இன்றைக்கும் முழு நிம்மதி இல்லை. விதி எங்களைக் காப்பாற்றியது, அவரைக் காப்பாற்றவில்லை.

அவருடைய வீட்டில்

புதன்கிழமை போட்டித் தலைவரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். பிளேன்டீ வந்தது. நான் தாளை எடுத்து ஓரத்து எண்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதை யார் எழுதினது?"

நேரக் கணிப்பாளர் பிள்ளை என்றோம்.

"கெட்டிக்காரப் பிள்ளை. கார்ட் வேலைக்குச் சேர்க்கலாம்."

பிறகு சொன்னார்: "எனக்குக் கேடயம் வேண்டாம். அந்த மகளிட்டயே இருக்கட்டும். நேரம் தெரியாமல் கதைச்சவன் என்று மட்டும் எழுதிப்போடாதீங்க. முப்பது வருசம் பச்சையும் சிவப்பும் காட்டினவன் நான். சிவப்பைப் பார்த்திருந்தா நின்றிருப்பன்."

நாங்கள் வெற்றியைப் பற்றியே மூன்று நாள் யோசித்துக்கொண்டிருந்தோம். அவரைச் சுட்டது வேறு. சிக்னலை மதிக்காதவர் என்று ஐம்பது கண்கள் திரும்பிப் பார்த்ததுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. மட்டக்களப்பு அழைப்பை அவர் ஏற்கவில்லை.

அடுத்த கூட்டம்

கூட்டம் தொடங்கியதும் நான் எழுந்து, எழுதிக் கொண்டுபோனதை வாசித்தேன். 7.48, 6.22, 6.57, விட்டுப்போன வரி, அதை விட்டது யார் என்று எல்லாவற்றையும் சொல்லி, "அவர் நேரத்துக்குள் பேசினார்" என்று முடித்தேன். அவர் அன்று வரவில்லை, வாசித்ததன் பிரதியை வீட்டில் கொடுத்தோம். மூதூர்த் தங்கச்சி கேடயத்தைப் பையில் கொண்டுவந்திருந்தார், திருப்பிக் கொடுப்பதற்கு. பெரியவர் சொன்னதைச் சொன்னோம். கூட்டம் முடிந்து பெரியவரே தங்கச்சிக்குப் போன் எடுத்துப் பேசினார். "மகள், நீங்க வடிவா கதைச்சீங்க, நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தன். மட்டக்களப்புக்குப் போய் வாங்க" என்று சொன்னாராம். தங்கச்சி போனார், நன்றாகப் பேசினார், முதல் மூன்று இடங்களில் வரவில்லை.

மூன்றாவது ஆளை நாங்கள் மறந்தே போயிருந்தோம். நேரக் கணிப்பாளர் இரண்டு கூட்டமாக வரவில்லை. பெரியவரைத் தோற்கடித்தது தான்தான் என்று வீட்டில் அழுதிருக்கிறார். அன்று விறாந்தைக்கு வருமுன் "பதினெட்டு விநாடிதானே, ஏழரை என்று போட்டு விடு பிள்ள" என்று ஓர் உறுப்பினர் காதில் சொல்லியிருக்கிறார். கேட்காமல் உள்ளதை எழுதிய ஒரே ஆள் அவர். அவரிடம் போய் நன்றி சொல்ல எங்களுக்கு மூன்று வாரம் எடுத்தது.

மாற்றியவை

விதித்தாள் இப்போது ஐந்து பக்கம். சுருக்குவதை நிறுத்திவிட்டோம். மூலத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் தமிழில் இருக்கிறது, மொழிபெயர்த்தவர் அல்லாத ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பிரதம நடுவர் மூலத்தை அச்சில் கையில் வைத்திருக்க வேண்டும். நேரத்துக்கு இரண்டு பேர். நேரத்தாளில் "நடுவில் நடந்தவை" என்று ஒரு பெரிய கட்டம் சேர்த்தோம், பிரதம நடுவர் அதை வாசித்ததாகக் கையெழுத்து வைக்க வேண்டும். பல்புப் பலகையோடு மூன்று நிற அட்டைகளும் ஒரு பற்றரி டோர்ச்சும் மேசையில் இருக்கும். டோர்ச் அட்டையில் அடிப்பதற்கு, பேசுகிறவரின் முகத்தில் அடிப்பதற்கு இல்லை. தகுதி நீக்கம் என்றால் அறிவிப்புக்கு முன் அவரைத் தனியே கூப்பிட்டு எண்ணைக் காட்டிச் சொல்கிறோம், அவர் மறுத்துச் சொல்ல ஒன்றிருந்தால் அப்போதே சொல்லலாம். போட்டி நாட்களில் ஒரு மணித்தியாலம் முன்னதாகத் தொடங்குகிறோம், பஸ் நெருக்கடி முடிவைத் தள்ளாமல் இருக்க.

தீராத ஒன்றும் இருக்கிறது. கரண்ட் போனால் கடிகாரத்தை நிறுத்துவதா, ஓடவிட்டு 30 விநாடி கொடுப்பதா? இருட்டில் நின்ற நேரம் பேச்சு நேரமே இல்லை என்கிறார்கள் சிலர். எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று நேரக் கணிப்பாளர் தலையில் இன்னொரு தீர்ப்பை வைக்க வேண்டாம் என்கிறார்கள் மற்றவர்கள். இப்போதைக்கு மூல விதியோடு நிற்கிறோம்.

பெரியவர் நான்காவது கூட்டத்திலிருந்து மறுபடி வருகிறார். திடீர்ப் பேச்சில் கலந்துகொள்கிறார், புதியவர்களுக்கு மதிப்பீடு சொல்கிறார். நேரக் கணிப்பாளர் பிள்ளையும் வந்துவிட்டார், இருவரும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில்தான். ஆனால் அதன்பிறகு பெரியவர் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. இரண்டு தரம் கேட்டுவிட்டோம். "பார்ப்பம்" என்கிறார்.